முகம் திருப்பிய செல்கள்

ஜாதகம் போய், செல் பொருத்தம் வந்த காலம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தொடாமல் நுண்ணோக்கியையே முறைத்தார்கள். தமயந்தியின் எச்சிலில் ஊறிய ஒற்றைச்செல் உயிர்களும், இளவழுதியின் எச்சிலில் ஊறியவையும் சோதனைத் தட்டில் ஜோடி சேரவே இல்லை.

"பொருத்தமில்லை, கிளம்பலாம்," என்றார் இளவழுதியின் அப்பா.

மூன்று வருடக் காதல்! தமயந்திக்கு வந்த கோபச் சூட்டில் ஆறிய பஜ்ஜி மறுபடியும் பொரிந்தது.

"உங்களுக்கும் அத்தைக்கும் பார்த்தீங்களா மாமா? துப்புங்க இதுல!"

"தாராளமா! முப்பத்தஞ்சு வருஷ ஒத்துமைம்மா எங்களோடது." துப்பினார். அத்தையும் துப்பினாள்.

அவர் செல்கள் வடக்கே ஓடின. அத்தையின் செல்கள் தெற்கே பாய்ந்து, தட்டையே தாண்டப் பார்த்தன.

அத்தை மேஜையில் ஓங்கி அறைந்தாள். "இந்த மனுஷனோட நானே குப்பை கொட்டலையா? முகூர்த்த நாளைக் குறிங்க!"