சம்பந்திகளின் சுவர்

கொத்தனார் கடப்பாரையை வைத்து ஒரு நெம்பு நெம்பியதும் மிச்சமிருந்த சுவரும் உட்கார்ந்துவிட்டது.

"பின்னால ஒரு கூடை ஜல்லிகூட இல்லம்மா. மொத்தமும் களிமண்ணு. இத்தனை நாள் நின்னதே பெரிசு."

இதைக் கேட்க வேண்டியவர் மேல் தோட்டத்தில் நாற்காலி போட்டு, ஊரான் வீட்டு வேலையை வேடிக்கை பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். என் மாமனார்.

கீழ்த் தோட்டம் என் அப்பாவுடையது. நானும் என் கணவரும் காதலித்ததைத் தவிர இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் நல்லது எதுவும் நடந்ததில்லை.

எங்களுக்குக் கல்யாணமான வருடம், மேட்டு மண் சரியாமல் இருக்க மாமனார் இந்தச் சுவரைக் கட்டினார். மழைத்தண்ணீர் வடிவதற்கு வைத்த குழாய்களில், மண் கொட்டும் முன் தன் பழைய கட்டம்போட்ட சட்டையைக் கிழித்துத் திணித்தார். சம்பந்தி தோட்டத்துக்கு அவர் வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டும் போகக் கூடாதாம். அணைக்கட்டே கட்டிவிட்டவர் போல அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

தண்ணீருக்கு இவர் வீம்பு தெரியுமா? போக வழியில்லாமல் பின்னாலேயே ஊறி நின்றது. சுவர் வயிறு தள்ளியது. போன மழையில் அப்பாவைப் பார்க்கக் கீழே போன என் மேல் ஒரு பக்கம் சரிந்தது.

இடது காலில் இன்னும் மாவுக்கட்டு. என் மகள் தினமும் விளையாடுகிற இடம் அது. அதனால்தான் ஊன்றுகோலோடு வந்து நின்றேன். புதுச் சுவருக்குப் பின்னால் முழுக்க ஜல்லி கொட்ட வேண்டும், அதில் இறங்கும் தண்ணீர் குழாய் வழியாக வெளியே போக வேண்டும்.

அப்பா கீழே வேலியோரம் பாவம் போல நின்றிருந்தார். தோட்டம் காய்கிறது, ஒரு சொட்டு விட உன் மாமனாருக்கு மனசு வரவில்லையே என்று என்னிடம் எத்தனை தடவை புலம்பியிருப்பார். அவருக்காக நான் புகுந்த வீட்டில் போடாத சண்டையில்லை. அவரோ பெருந்தன்மையாகச் சுவரின் தன் பக்கத்துக்கு நீலப் பெயிண்ட் அடித்தார். மகள் வீட்டுச் சுவர் அழகாக இருக்கட்டும் என்றார். நான் அழுதேவிட்டேன்.

கொத்தனார் இடிபாட்டிலிருந்து ஒரு குழாயை உருவி, மண்ணைத் தட்டி, என்னிடம் நீட்டினார்.

ஒரு முனையில் கட்டம்போட்ட சட்டை. தெரிந்ததுதான்.

மறுமுனையில் சிமெண்ட். கட்டைவிரலால் மழமழவென்று வழித்து, அதன் மேல் நீலப் பெயிண்ட்.

அடுத்த குழாயும் அப்படித்தான் இருந்தது.

அவர் தர மாட்டேன் என்ற தண்ணீரை இவர் வாங்க மாட்டேன் என்றிருக்கிறார்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமனார் எழுந்து வந்து குழாயின் இரண்டு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தனக்குச் சமமான ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் அது.

"குழாய் வெச்சதுதான் தப்பு, சம்பந்தி."

"அதையேதான் நானும் நினைச்சேன்," என்றார் அப்பா.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இதுதான் முதல் தடவை. நடுவில் மாவுக்கட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

புதுச் சுவருக்குக் குழாய் வேண்டுமா, வேண்டாமா என்று கொத்தனார் கேட்டார். வேண்டாம் என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

நான் ஊன்றுகோலைக் கொத்தனாரிடம் நீட்டினேன்.

"இது உள்ள போயி அந்தப் பக்கம் வர்ற அளவுக்குப் பெருசா வைங்கண்ணே. யார் எதை அடைச்சாலும் நான் குத்தி எடுக்கணும்."

அவர் தடியை வாங்கி அதன் பருமனை அளக்கத் தொடங்கினார். பிடிமானம் இல்லாமல் நான் தடுமாறியதும் மேலிருந்து ஒரு கையும் கீழிருந்து ஒரு கையும் அவசரமாக நீண்டன.

நான் புதுச் சுவருக்காக இறக்கியிருந்த ஜல்லிக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.