கீழே வலை கிடக்கிறது

அவன் சட்டையைக் கழற்றித் துடுப்பின் நுனியில் கட்டினான்.

கப்பல் நேராக வலையின் மேல் வந்துகொண்டிருந்தது.

வளைகுடாவில் ஜூலை மாதம். வெயில் ஏறியும் புழுதி மூட்டம் கலையவில்லை. சாம்பல் நிறக் கப்பல், சாம்பல் நிற வானம். உச்சியில் பறந்த அமெரிக்கக் கொடிக்கு மட்டும்தான் நிறம் இருந்தது.

வலை அவனுடையது இல்லை. துபாயில் இருக்கும் அரபி முதலாளியுடையது. அவனுடைய பாஸ்போர்ட்டும் அந்த ஆளின் அலமாரியில்தான் கிடந்தது. புது வலை, பழுதில்லாமல் கரைசேர்த்தால் இந்த மாதம் ஊருக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். போன வருடம் ஒரு வலை கிழிந்தது. அதோடு அந்த வருட விடுப்பும் போயிற்று.

ஊரில் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாளாம். அவளை அவன் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான்.

"குறுக்க விடு," என்றான்.

எஞ்சினைப் பிடித்திருந்த ததேயு அவன் மனைவியின் தம்பி. சாதாரணமாக அத்தான் சொல்லைத் தட்டமாட்டான். இன்றைக்குத் தயங்கினான்.

"கிட்ட போவாண்டாம் அத்தான்."

போன வாரம்தான் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியிருந்தது. சண்டை விமானம் என்று நினைத்துவிட்டார்களாம். ஈரான்காரர்கள் சின்னப் படகில் விரைந்து வந்து கப்பல்களை அடிக்கிறார்கள் என்று துறைமுகத்து டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ததேயு அதையெல்லாம் வாய் பிளந்து கேட்டுவிட்டு வந்திருந்தான்.

இவனுக்கு எரிச்சல் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பயமும் இருந்தது. அதனால் எரிச்சல் கூடுதலாக வந்தது.

"நாம சொல்லாம அவனுக்கு எப்பிடித் தெரியும், கீழ வலெ கிடக்குதுண்ணு?"

கன்னியாகுமரிக் கடலில் இதுதான் வழக்கம். வலை மேல் கப்பல் வந்தால் படகை முடுக்கி அதன் மூக்குக்கு முன்னால் போய் நிற்பார்கள். சட்டையோ இடுப்பில் கட்டிய சாரமோ, கையில் கிடைத்ததைத் தூக்கி ஆட்டுவார்கள். கப்பல் ஒரு தடவை ஊதும். புரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு மூக்கைத் திருப்பி விலகிப் போய்விடும். இவன் எத்தனையோ கப்பல்களைத் திருப்பியவன். கிரேக்கன், ஜப்பான்காரன் எல்லோருக்கும் இந்தப் பாஷை புரிந்திருக்கிறது.

படகு பாய்ந்தது.

முதலாளி பொருத்திக் கொடுத்திருந்த ரேடியோவில் ஒருவன் இங்கிலீஷில் பேசினான். மரியாதையான குரல். கோபமே இல்லை. சொன்னதையே மறுபடி மறுபடி சொன்னான்.

கப்பல்காரர்கள் தங்களுக்குள் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். அவன் ரேடியோவை அணைத்தான்.

இன்னும் கொஞ்ச தூரம்தான். வலையின் மிதவைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அறுபடவில்லை.

படகின் முனையில் ஏறி நின்று துடுப்பைப் பலங்கொண்ட மட்டும் ஆட்டினான்.

கப்பல் ஊதியது.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தேவிட்டான். மறுபடியும் ஊதியது. மறுபடியும். அமெரிக்கக் கப்பல் கொஞ்சம் அதிகமாகவே ஊதும் போலிருக்கிறது.

"பாத்தியா? அவனுக்கு மனசிலாயாச்சு."

ததேயு எஞ்சினை நிறுத்தியிருந்தான். வந்த வேகத்தில் படகு மட்டும் கப்பலை நோக்கி வழுக்கிக்கொண்டே போயிற்று.

கப்பலின் மூக்கு அசையவில்லை. மேல்தட்டில் நீளமாக நீட்டிக்கொண்டிருந்த குழாய் ஒன்று மெதுவாகத் திரும்பியது. கொஞ்சம் தாழ்ந்தது. அவனுக்கு நேராக வந்து நின்றது.

புழுதியில் அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

அவன் சட்டையை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தான்.