அங்குலம் பிசகாமல்

“யாரு சொல்லி என்னைக் கூப்பிட்டீங்க? அதை முதல்ல சொல்லுங்க, தம்பி.”

வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார் பெரியவர். கார் அனுப்பி ஓசியில் அழைத்து வருகிறவர்களை அவர் நம்புவதே இல்லை. விமான நிலையத்தில் முப்பது வருடம் காவல் காத்த கண். ஓய்வு பெற்ற பிறகும் எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

“யாரும் சொல்லலைங்க ஐயா. பழைய ஏரோட்ரோமை மாடலா செஞ்சுக்கிட்டு இருக்கேன். போட்டோவுல தெரியாததை உங்களை விட்டா யார்கிட்ட கேக்கறது?” என்றார் கண்ணாடிக்காரர். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று.

அறை முழுக்கப் பசை வாசனை. நடுவில் கட்டில் அளவுக்கு ஒரு மேஜை. அதைப் பார்த்ததும் பெரியவர் தன்னை அறியாமல் உள்ளே வந்தார். ஓடுபாதை, விமானக் கொட்டகை, கட்டைவிரல் நீளத்தில் நாலு விமானங்கள், கண்ட்ரோல் டவரின் துருப்பிடித்த ஏணி வரைக்கும் இருந்தது. என்றோ இடித்து, மேலே அடுக்குமாடி கட்டிவிட்ட இடம்!

“விக்கறதுக்கா?”

“இல்லைங்க.”

“புஸ்தகம் எழுதறீங்களா?”

“எனக்கு ஒழுங்கா லெட்டரே எழுத வராதுங்க.”

“அப்புறம் எதுக்கு இந்த மெனக்கெடல்?”

“பார்த்தவங்க போயிட்டா, அங்க என்ன இருந்துச்சுன்னே தெரியாமப் போயிடுமே ஐயா.”

எதைக் கேட்டாலும் கையில் பதில் வைத்திருந்தார். அதுதான் பெரியவரை இன்னும் உறுத்தியது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

“தப்பு இருந்தா சொல்லுங்க ஐயா.”

வேண்டா வெறுப்பாகக் குனிந்தார். “தீயணைக்கிற மணல் வாளிங்க இந்தப் பக்கம் இல்ல. கொட்டகைக்கு வலது பக்கம்.”

கண்ணாடிக்காரர் இடுக்கியால் வாளிகளை ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றினார்.

“காத்து வீசற பக்கம் காட்டுமே துணிப்பை, அந்தக் கம்பம் இவ்வளவு உசரம் கிடையாது.”

கம்பம் அங்கேயே குட்டையானது.

“என் காவல் கூண்டுக்கு ஜன்னல் ரெண்டு.”

சின்னக் கத்தி இன்னொரு ஜன்னலைத் திறந்தது.

பெரியவரின் முகம் மெல்ல இளகியது. அவர் பேச்சைக் கேட்பதற்காக வீட்டில் யாரும் டிவி சத்தத்தைக்கூடக் குறைப்பதில்லை. இங்கே ஒருவன் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நல்ல மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கூச்சமாக இருந்தது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

“முள்வேலி சரியா இருக்கா ஐயா? பெட்ரோல் கொட்டகைக்குப் பின்னால அந்த ஓட்டையைக்கூட வெச்சிருக்கேன்.”

பெரியவர் சிரித்தே விட்டார். “அங்க எங்க தம்பி வந்துச்சு? தண்ணித் தொட்டிக்குப் பின்னால! கீழ்க்கம்பி ரெண்டையும் அறுத்து, படர்ந்து கிடக்கிற செடியை இழுத்து மூடியிருக்கும். பக்கத்துல போனாலும் தெரியாது.”

கண்ணாடிக்காரர் இடுக்கியைக் கீழே வைத்தார். இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினார்.

“விமானத்து ரேடியோ திருடு போனப்ப, ‘வேலியில ஒரு ஓட்டைகூடக் கிடையாது, உள்ளே வேலை பார்க்கிறவன்தான் எடுத்திருக்கணும்’னு கோர்ட்டுல சத்தியம் பண்ணீங்களே ஐயா,” என்றார் மெதுவாக. “அதை நம்பி ஜெயில்ல போட்டாங்களே ஒரு மெக்கானிக்கை, அவர் எங்க அப்பா.”