கெர்லிண்டே திரும்ப வாங்கிய படம்

கொலோனில் பழைய புகைப்படங்கள் விற்கும் என் கடைக்கு, கெர்லிண்டே தன் கணவரின் படத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். முப்பது வருஷத்துக்கு முன் இறந்த வோல்க்மார், கதவையும் ரம்பத்தையும் வைத்து இசை அமைத்தவர். 1961இல் எடுத்த படம். அதில் கண்ணை மூடி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டு அமைதி அலுத்துப்போச்சு. வித்துடுங்க," என்றார்.

ஒரு பல் மருத்துவர் வாங்கிப்போனார். பத்தாம் நாள் அதே காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இதை மாட்டினதுலேர்ந்து வீட்டுல எந்தச் சத்தமும் கேக்கல. குழாய் சொட்டுது, கேக்கல. பொண்டாட்டி திட்டுறா, அதுவும் கேக்கல. மொத ரெண்டு நாள் நிம்மதியாத்தான் இருந்துச்சு."

கெர்லிண்டேவுக்குச் சொல்லி அனுப்பினேன். கண்கள் சிவந்து வந்தார்.

"இவரை அனுப்பினதும் மாடிப்படி, பக்கத்து வீடு, எல்லாம் கேக்குது. தூங்கவே முடியல."

"அலுத்துப்போச்சுன்னீங்களே?"

"பழகியும் போச்சே."

வாசலில் காகிதத்தைப் பிரித்து எறிந்துவிட்டு, படத்தை அணைத்தபடி தெருவில் நடந்தார். எதிரே டிராம் வந்தது. ஓட்டுநர் மணியை விடாமல் அழுத்துவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. டிராம் கெர்லிண்டேவைத் தாண்டிய பிறகுதான் எனக்கு மணி கேட்டது.