இரண்டாவது கல்

கல் நேராக முகத்தை நோக்கிப் பறந்து வந்தது. "ஐயோ!" என்று அம்மா அலறினாள். அப்பா சட்டென்று குனிந்துகொண்டார்.

அடுத்த நொடி அம்மா தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். கல் டிவியை விட்டு எங்கும் போகவில்லை. முப்பரிமாணக் கண்ணாடி மாட்டியிருந்தவர்களுக்கு மட்டும் அது கூடத்தின் நடுவே வந்து போயிருந்தது.

மகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டிவி கம்பெனியின் முப்பரிமாணப் பிரிவில் அவளோடு சேர்த்து நாலே பேர். வீட்டுக்குள் இந்த டிவி நிலைக்குமா, வெறும் மோகமா என்று வீடு வீடாகச் சோதித்ததில் பாதிப் பேர் அப்படியும் பாதிப் பேர் இப்படியும் சொல்லியிருந்தார்கள். கடைசி வீட்டுக்காரர்கள் திடீரென்று ஊருக்குப் போய்விட, அவள் தன் வீட்டையே காட்ட வேண்டியதாயிற்று. இன்று 'மோகம்' என்று எழுதப்பட்டால் நாளை நாலு மேசையும் காலி.

எழுதப்போகிறவர் மேலாளர். எந்தப் பிரிவையும் தயங்காமல் வெட்டுவதால் ஆபீஸில் அவருக்குப் பெயர் கத்திரி. அவர் டிவியைப் பார்க்கவே இல்லை. அதற்கு முதுகைக் காட்டி நின்று, பார்க்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அதுதான் அவர் வழக்கம்.

"கல்லு வரும்னு முன்னாடியே சொல்லி வெச்சியா?"

"சத்தியமா இல்ல சார்."

"முதல் தடவை எல்லாரும்தான் குனிவாங்க. இதே படத்துண்டு இன்னும் பத்து நிமிஷத்துல மறுபடி வரும். அப்பவும் உடம்பு தானா குனிஞ்சா, இது நிலைக்கும். இல்லேன்னா மூணே மாசத்துல கண்ணாடி டிராயருக்குள்ள போயிடும்."

"கலர் டிவி வந்தப்பவும் இப்படித்தான் சொல்லியிருப்பாங்க சார்."

"கலரப் பாக்கக் கண்ணாடி மாட்டச் சொன்னாங்களா?"

"கண்ணாடி புதுசா ஒண்ணும் பண்ணல சார். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு படம். ரெண்டும் சேர்ந்தாத்தான் கல்லு வெளிய வரும். தெருவுல நடக்கும்போதும் நாம அப்படித்தானே பாக்குறோம்?"

"உங்க சண்டைய அப்புறம் வெச்சுக்குங்க. படம் ஓடுது" என்றாள் அம்மா.

"நிலைக்கும் சார். நூறு வருஷம் நிலைக்கும்" என்றார் அப்பா. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். "பஸ்ஸு முன்கண்ணாடி வழியா பாக்குற மாதிரியே இருக்கு."

"அது வழியா என்னத்தப் பாக்குறீங்களோ! ரெண்டு மாசமா பஸ்ஸுக்கு இடது பக்கம் பூரா கீறல்" என்றாள் அம்மா.

"பள்ளிக்கூடத்து கேட்டு குறுகிப்போச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?"

கத்திரிகூடச் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. கல் வர இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

உள்ளே அம்மாவின் போன் அடித்தது. அவள் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு எழுந்து போனாள். "பாத்தியா, ஒரு ஆள் எழுந்தாச்சு" என்றார் கத்திரி. அவர் பார்வை இப்போது அப்பா ஒருவர் மேல்தான் இருந்தது.

திரையில் மலைச்சரிவு வந்தது. பாறை வெடித்தது. இருநூறு தடவை பார்த்த கல்தான். ஆனாலும் அது கூடத்துக்குள் பாய்ந்தபோது, கண்ணாடி மாட்டியிருந்த மகளின் கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இமைகூட ஆடவில்லை.

கத்திரி பேனாவைத் திறந்து ஒரே ஒரு சொல்லை எழுதினார். "ரெண்டாவது தடவைக்கே அலுத்துப்போச்சு. மோகம்தான்."

"சார், இன்னும் ஒரே ஒரு தடவை..."

"பெத்த அப்பாவே உனக்காகக் குனியல. ஊர்ல வேற யாரும்மா குனிவாங்க?"

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது.

மகள் திரும்பினாள். அப்பா அதற்குள் எழுந்து பஸ் சாவியைக் கையில் எடுத்திருந்தார். "மணி ஆறாகப்போகுது. விளையாட்டுப் பயிற்சி முடிஞ்சு நாப்பது பிள்ளைங்க வாசல்ல நிக்கும்."

"ஏம்ப்பா, எனக்காக ஒரு தடவை குனியக் கூடாதா?"

"எப்பக் குனியணும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? முன்னாடி அம்மா கத்துனதும் குனிஞ்சேன். இப்ப கத்துறதுக்கு அவ இல்லையே."

"கல்லு மூஞ்சிக்கு நேரா வந்துச்சேப்பா!"

"எங்க வந்துச்சு? டிவிக்குள்ளயேதானே இருந்துச்சு."

அவளுக்குக் கோபம் எங்கேயோ போயிற்று. கிட்டே வந்து, அப்பாவின் வலது கண்ணை உள்ளங்கையால் மெல்ல மூடினாள்.

"கைய எடும்மா, நேரமாச்சு. ஒரே புகையா இருக்கு."

கையை எடுக்காமலே அவள் இன்னொரு கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்கப்பா."