கடலுக்கு ஆகுமுங்க

சூலூரில் வம்சி செய்யும் ஃபைபர் படகுகள் ஏரிச் சவாரிக்கானவை. கடற்கரையோரம் மீன்பிடிக்க ஒன்று ஆகுமா என்று நாகப்பட்டினத்து மதியழகன் கேட்டார். ஆகாது என்று வம்சிக்குத் தெரியும். ஆனாலும், "தாராளமா ஆகுமுங்க" என்று சொல்லி விற்றார்.

ஐப்பசியில் மதியழகனின் மனைவி போன் செய்தாள். "கடலுக்குப் போனவரு இன்னும் கரை திரும்பலைங்க. உங்க படகு அலை தாங்கும்தானே?"

வம்சி போனை அணைத்தார்.

மறுநாள் பூட்டிய பட்டறையைத் திறந்தபோது அதே படகு உள்ளே நின்றது.

"ஏனுங்க, வித்துப்போட்ட படகு எப்படிங்க இங்க வந்துச்சு?" என்று கேட்டபடி மனைவி ஹர்ஷிணி அருகே வந்தாள்.

வம்சி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. படகின் விளிம்பை வெளியிலிருந்து இறுகப் பற்றிய பத்து விரல்களின் ஈரத்தடம் தெரிந்தது. அவள் பார்ப்பதற்குள் துண்டால் அவசரமாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது ஊறிக்கொண்டே இருந்தது.