நனையாத குடை

"பிணத்தைத் தொடாதீங்க வாத்தியாரே!" வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"என் பொண்டாட்டிதானேம்மா? பிணம்னா கை மார்மேல இருக்கணும். இவ கன்னத்துக்கு அடியில வெச்சிருக்கா."

"தடயம் கலைஞ்சிடும். தள்ளி நில்லுங்க."

கணக்கு வாத்தியார் சோபாவை விட்டுத் தள்ளி நின்றார். மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டு ஹாலில் இந்தக் கூத்து நடக்கும். கருப்பு வெள்ளை டிவி காலத்துத் துப்பறியும் தொடர் மாதிரி அவர் ஒரு கொலைப் புதிர் எழுதுவார். வக்கீலம்மாவும் பல் டாக்டரும் தொப்பி, மழைக்கோட்டு சகிதம் வந்து, காபி ஆறுவதற்குள் அதை உடைத்துவிடுவார்கள். வாத்தியாருக்கு மானமே போயிற்று. "இன்னிக்கும் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா, இனிமே பேனாவையே தொட மாட்டேன்" என்று சவால் விட்டிருந்தார்.

"மழையில குடை பிடிச்சுக்கிட்டு வந்தேன்னு உங்க கதையில வர்ற மருமகன் சொல்றான். குடை காய்ஞ்சு கிடக்குதே?" என்றார் வக்கீலம்மா.

வாத்தியாருக்குத் திக்கென்றது. அவர் ஒளித்து வைத்த ஒரே தடயம் அது.

"நல்ல குடை போல" என்று வக்கீலம்மாவே அதை விட்டுவிட்டார். "எனக்குச் சமையல்காரன் மேலதான் சந்தேகம்."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. கோர்ட்டில் சாட்சிகளை அழவைக்கும் அம்மா, இன்று கோட்டை விட்டுக்கொண்டிருந்தார்!

பல் டாக்டர் அதற்கும் மேல். "தடயம் தேடறேன்" என்று அடிக்கடி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்தபோது மழைக்கோட்டின் தோளில் ஈரம்.

"ஏதாவது கிடைச்சுதா டாக்டர்?"

"இன்னும் தேடணும்" என்று மறுபடி உள்ளே ஓடினார்.

சோபாவிலிருந்து மெல்லிய குறட்டை வந்தது.

"அட, பிணம் குறட்டை விடுது! எழுப்பட்டுமா?"

"அது கடைசி மூச்சு. நிம்மதியாப் போகட்டும், விடுங்க" என்றார் வக்கீலம்மா.

தோட்டக்காரன், பால்காரன், கடைசியில் கூண்டுக்கிளி வரை விசாரித்தாயிற்று. வெளியே இருட்டத் தொடங்கியபோது பிணம் சோம்பல் முறித்து எழுந்தது. முகத்தில் அப்படியொரு தெளிவு.

"என்னைக் கொன்னது யாரு, அக்கா?"

"இவங்களால கண்டுபிடிக்கவே முடியலடி!" வாத்தியார் துள்ளிக் குதித்தார். "ஜெயிச்சுட்டேன்!"

"மருமகன்தான்" என்றார் வக்கீலம்மா, தொப்பியைக் கழற்றியபடி. "குடையைப் பார்த்தவுடனே எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு."

வாத்தியாருக்கு முகம் தொங்கிப்போனது. "அப்புறம் எதுக்கு கிளியை எல்லாம் விசாரிச்சீங்க?"

"கேஸ் முடிஞ்சா பிணம் எழுந்து வேலை பார்க்கணுமே!"

உள்ளறைக் கதவு திறந்தது. வாத்தியாரின் இரட்டைக் குழந்தைகளைத் தோளுக்கு ஒன்றாகச் சாய்த்துக்கொண்டு பல் டாக்டர் வந்தார்.

"நாலு மாசமா உங்க வீட்டம்மாவைத் தூங்க விடாத குற்றவாளிங்க ரெண்டு பேரும் சிக்கிட்டாங்க" என்றார். "உடந்தையா இருந்த மூணாவது ஆளு வந்து, இதுங்களைக் கொஞ்சம் பிடிங்க!"